வண்ணத்துக்கு அடியில் உள்ள வேலை

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் தயாரித்துவந்த அம்பாசிடர் காரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுவிட்டபோதிலும், தமிழகத்தின் பல ஊர்களில் வீட்டு போர்டிகோவிலும் தகரக் கொட்டகையிலும் அந்த வண்டிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்கு வீட்டிலேயே மறுவண்ணம் பூச முனைவோரின் ஆர்வம் போற்றத்தக்கது. எனினும் அவ்வேலையில் எதை வீட்டில் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்ற வரையறை தெளிவாக இருந்தாலன்றி, உழைப்பும் பணமும் வீணாவதோடு உடல்நலமும் கெடக்கூடும்.

கார் தகட்டின் மேல் உள்ள பூச்சுகள் அனைத்தையும் சேர்த்து அளந்தாலும் அவற்றின் கனம் பொதுவாக மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும் என்பதால், அடியில் விடப்பட்ட மேடு பள்ளம் எதையும் மேல்பூச்சு மறைப்பதில்லை. பளபளப்பு கூடக் கூட அவை இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆகவே முதல் வேலை துருவைத் தேடுவதாகும். சேறும் நீரும் தங்கும் மட்கார்டின் உட்புறம், கதவுகளின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை ஆகிய இடங்களில் தகடு வெளுத்துப் பளிச்சிடும்வரை துருவை அகற்ற வேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் அப்பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டுமேயன்றி, பட்டியால் அடைப்பது பயன் தராது. மீதம்விட்ட துரு, ஈரமும் காற்றும் ஊடுருவும் பூச்சின் அடியில் மெல்லப் பரவி, ஓரிரு மழைக்காலங்களில் கொப்புளமாக வெளிவந்துவிடும்.

தேய்க்கத் தொடங்கும் முன்பே வண்டியைக் கழுவி, பழைய பாலிஷும் எண்ணெய்ப் பிசுக்கும் நீங்கத் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் உப்புத்தாள் அப்பிசுக்கைக் கீறல்களுக்குள் ஏற்றிவிடும், பின்னர் அவ்விடங்களில் வண்ணம் ஒட்டாமல் விலகிச் சிறுசிறு குழிகளாக நின்றுவிடும். உறுதியாகப் பற்றியிருக்கும் பழைய வண்ணத்தை முழுவதும் உரிக்கத் தேவையில்லை. பெயர்ந்த இடத்தின் விளிம்பைப் படிப்படியாகச் சரித்துத் தேய்த்தால் போதும். அப்போது மேல்வண்ணம், அதற்கு முந்தைய வண்ணம், பிரைமர், தகடு என்று ஒவ்வொரு பூச்சும் தனித்தனி வளையமாக வெளிப்படும்; வளையங்கள் அகலமாக இருந்தால் சரிவு போதுமானது, நெருக்கமாக இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், தூசி பறக்காதபடி அவற்றை நீர் விட்டுத் தேய்ப்பதே பாதுகாப்பானது. பள்ளத்தை நிரப்பப் பயன்படும் பாலியெஸ்டர் பட்டிக்கோ இதற்கு நேர்மாறான விதி பொருந்தும்: அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது என்பதால், முகக்கவசம் அணிந்து அதை உலர்வாகவே தேய்க்க வேண்டும்.

பரப்பு சமமாகிவிட்டதா என்பதை அறியக் கைடு கோட் எனப்படும் எளிய உத்தி உண்டு. பிரைமர் காய்ந்தபின் அதன்மேல் கறுப்பு வண்ணத்தை மெல்லிய தூறலாகத் தெளித்து, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் சீராகத் தேய்த்தால், மேடான இடங்களில் கறுப்பு உடனே மறைந்துவிடும், பள்ளங்களில் மட்டும் அது தங்கி நிற்கும். கண்ணுக்கும் உள்ளங்கைக்கும் தப்பிய குறைகள் இவ்வாறு தாமாகவே வெளிப்படுகின்றன. கறுப்புப் புள்ளி ஒன்றும் எஞ்சாத நிலையே வண்ணத்துக்கு ஆயத்தமான நிலை.

வண்ணம் அடிக்கும் கட்டத்தில் இரு வகைப் பூச்சுகளின் வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. என்.சி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, தின்னர் ஆவியாவதால் மட்டுமே உலர்வது. விரைவில் காய்ந்துவிடும் எனினும், காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தின்னர் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, அதில் ஈரம் படிந்து வண்ணம் பால்போல் வெளுத்துவிடும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் அதற்கு உகந்ததன்று. பி.யு. எனப்படும் பாலியூரிதேன் பூச்சோ ஹார்டனருடன் வேதிவினை புரிந்து இறுகுவதால் வெயிலையும் பெட்ரோலையும் தாங்கி நெடுநாள் உழைக்கிறது. ஆனால் அந்த ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள், தெளிக்கும்போது நுண்துளிகளாக மூச்சில் கலந்து ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவும் மூச்சுத்திணறலை வரவழைத்துவிடும். சாதாரணத் தூசி முகக்கவசம் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியே தரும் கவசமும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தெளிப்பறையும் தேவை. தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், மூடிய கொட்டகையின் தரையோடு அது தேங்கி நிற்கும். கம்ப்ரசர் மோட்டாரின் சிறு பொறியோ பக்கத்துச் சமையலறையின் அடுப்போ அதைப் பற்றவைக்கப் போதுமானது.

நிறத்தைத் தேர்வதிலும் கட்டுப்பாடு உண்டு. பதிவுச் சான்றில் உள்ள நிறத்தை மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் பெற்றுச் சான்றிலும் திருத்தம் செய்துகொள்ள வேண்டும். ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சை நிறத்தைத் தனியார் கார்களுக்குப் பூச 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இடமளிப்பதில்லை.

துரு நீக்குதல், பட்டி பூசுதல், தேய்த்தல் ஆகியவற்றுக்கு வேண்டிய பொறுமையும் நேரமும், நாளுக்குப் பல வண்டிகளைக் கவனிக்கும் பட்டறையைவிட வண்டியின் உரிமையாளரிடமே மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், அவற்றை அவர் வீட்டிலேயே செய்வதே நன்று. பி.யு. பூச்சைத் தெளிக்கும் இறுதி வேலையை மட்டும், உரிய தெளிப்பறையும் கவசமும் உள்ள பட்டறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எத்தனை அருமையான பழைய வண்டியாயினும், அதன் பளபளப்புக்காக ஒருவர் தம் நுரையீரலைப் பணயம் வைக்கலாகாது.