பரணில் ஏற்றுமுன் ஒரு வார்த்தை

திட்டக்குடியில் பிள்ளைகள் படித்து முடித்த வீடுகளில் பரண்மேல் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஓட்டை அண்டா ஒன்று இருக்கும். கால் உடைந்த நாற்காலி ஒன்று இருக்கும். அவற்றுக்கு நடுவே, பையோடு ஒரு மடிக்கணினியும் இருந்தால் ஆச்சரியமில்லை. 2011-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லாமல் கிடைத்ததே, அதுதான். வந்த அன்று சந்தனப் பொட்டு வைத்துப் பூஜை அறையில் வைத்திருப்பார்கள். இன்று விசாரித்தால், "அது ரொம்ப ஸ்லோங்க!" என்கிறார்கள்.

அந்த ஒரு வார்த்தையோடு வழக்கு முடிந்துவிடுகிறது. சாட்சி விசாரணை கிடையாது, அப்பீல் கிடையாது, நேரே பரண்தான். பிறகு, பெண் ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் போட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் கடையில் காசு கொடுத்துக் காத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பா தவணையில் புது மெஷின் வாங்கிவிட்டு மாதாமாதம் பெருமூச்சு விட வேண்டும். இரண்டும் பல வீடுகளில் அநாவசியமான செலவு. ஏனென்றால், அந்த மெஷினுக்கு வந்திருப்பது முதுமை அல்ல, அஜீரணம்!

திட்டக்குடிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பக்கத்திலேயே வெலிங்டன் ஏரி இருக்கிறது. 1923-ல் கட்டி முடித்த ஏரி. வெள்ளாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே அதில் வந்து சேருகிறது. தண்ணீரோடு வண்டலும் வரும். வண்டல் ஏற ஏறத் தண்ணீர் நிற்க இடம் குறையும். அதற்காக ஏரியை மூடிவிடு என்று யாராவது சொல்வார்களா? தூர் வாரு என்றுதான் சொல்வார்கள். கணினிக்கும் அதே நியாயந்தான்.

முதல் சத்துரு சூடு. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்குச் சூடு வேண்டும், கணினிக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் பிராஸஸர் அளவுக்கு மீறிக் காய்ந்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்று போகும் துவாரத்தில் தூசு அடைத்திருந்தால் இது தினசரி நடக்கும். பழுது பார்க்கும் கடைகளில் இந்த மாதிரி சம்பாஷணை சகஜம்:

"அக்கா, ராத்திரியில இதை எங்க வச்சுப் பாக்குறீங்க?"

"மெத்தை மேலதான், தம்பி. தலகாணியில சாய்ச்சு வச்சுக்குவோம்."

"இதுக்கும் மூக்கு இருக்குக்கா. மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா ஓடுமா?"

ஆகவே மேஜைமேல் வையுங்கள், அல்லது ஒரு பலகைமேல் வையுங்கள். தூசு தட்டும்போது மின்சாரத் தொடர்பை எடுத்துவிட்டு, முழுக்க அணைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துவாரங்களைத் துடைத்தால் போதும். ஈரத் துணி ஆகாது. மூடியைக் கழற்றிப் பழக்கமில்லாதவர்கள், அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

இரண்டாவது, நிரம்பி வழியும் ஹார்ட் டிஸ்க். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலாக அதை வெளியிட்டபோது அதில் 50 தட்டுகள் சுழன்றன. எடை ஏறக்குறைய ஒரு டன். இத்தனைக்கும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள்தான்! இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோவுக்கே அது போதாது. நமக்கு இடம் தாராளமாகக் கிடைத்ததால், எதையும் கழிக்கும் வழக்கம் போய்விட்டது. டவுன்லோட் பகுதியையும் குப்பைத் தொட்டியையும் மாதம் ஒரு தரம் காலி செய்யுங்கள். டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஆனால் அழிப்பதற்கு முன், குடும்பப் படங்களுக்கும் சர்டிபிகேட்டுகளுக்கும் வேறோர் இடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். வேகம் போனால் திரும்ப வரும், தாத்தாவின் சஷ்டியப்தபூர்த்திப் படம் வராது.

மூன்றாவது, அழையாத விருந்தாளிகள். நாம் பொத்தானை அமுக்கியதுமே பத்துப் பன்னிரண்டு புரோகிராம்கள் தாமாகவே எழுந்து உட்கார்ந்துகொள்கின்றன. 4 ஜி.பி. மெமரி உள்ள மெஷினில் அத்தனை பேருக்கும் எங்கே பந்தி போடுவது? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரிந்த, தினம் உபயோகப்படாத புரோகிராம்களை நிறுத்தி வையுங்கள். பெயர் புரியாதவற்றைத் தொட வேண்டாம். பிரௌஸரில் இருபது ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுவதும் நியாயமில்லை.

இன்னொரு சூட்சுமம். விண்டோஸ் 10, 11 உள்ள மெஷின்களில் 'ஷட் டௌன்' கொடுத்தால் பெரும்பாலும் அரைத் தூக்கந்தான். மறுநாள் சீக்கிரம் எழுவதற்காக, பாதி ஞாபகத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுக்கக் குளித்து எழுந்ததுபோல் ஆகும். வாரம் ஒரு தரம் அதைச் செய்யுங்கள்.

இதையெல்லாம் ஒரே நொடியில் செய்து தருகிறோம் என்று சில விளம்பரங்கள் கண் சிமிட்டும். நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்ற பெரிய கடைக்காரர்கள், இலவசப் பரிசோதனை என்ற பெயரில் இல்லாத கோளாறைக் காட்டிப் பழுது பார்க்கப் பணம் வாங்கினார்கள் என்று அரசு வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2019-ல் அந்தக் கடையும் அதற்கு மென்பொருள் கொடுத்த கம்பெனியும் சேர்ந்து மூன்றரைக் கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்" என்று யாராவது தாமாகவே போன் செய்தால், பேச்சை வளர்க்காமல் வையுங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இத்தனை வைத்தியத்துக்கும் மசியாவிட்டால்? அப்போதும் பரண் வேண்டாம். பழைய டிஸ்க் கிராமபோன் மாதிரி. தட்டு சுழல வேண்டும், முள் போன்ற ஒரு கை இடம் தேடி அலைய வேண்டும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் சுழல்வதும் இல்லை, அலைவதும் இல்லை. புது மெஷினின் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு, வித்தியாசமோ முதல் நாளே தெரியும். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. புதிய விண்டோஸை ஏற்காத மெஷின்களுக்கு லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய 'பாஸ்' அந்த வகைதான். தமிழும் அறிந்தது.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு யோசனை. அமாவாசைக்கு ஒரு தரம் குப்பை கழிப்பது. போகிக்கு ஒரு தரம், ஆயுத பூஜைக்கு ஒரு தரம் தூசு தட்டுவது. பொட்டு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, தட்டிவிட்டுப் பொட்டு வையுங்கள் என்கிறேன். சரஸ்வதிக்கும் மூச்சு முட்டாமல் இருக்கும்!