கரி வரி எங்கே போயிற்று?

ஊருக்குக் குளம் வெட்டப் போகின்றோம் என்று வீட்டுக்கு வீடு வரி வசூலித்து, அந்தப் பணத்தில் சாவடியின் பழைய கடனை அடைத்துவிட்டு, "எல்லாம் பொதுப்பணந்தானே, எதற்குச் செலவானால் என்ன?" என்று ஒரு நாட்டாண்மைக்காரர் கேட்பாரானால் ஜனங்கள் அவரைப்பற்றி என்ன அபிப்பிராயம் கொள்ளுவார்கள்? இந்திய சர்க்கார் நிலக்கரியின்மீது போட்ட மேல்வரியின் கதையும் ஏறக்குறைய இப்படித்தான் முடிந்திருக்கின்றது.

2010-ம் வருஷத்தில் டன்னுக்கு ரூ. 50 என்று இவ்வரி ஆரம்பமாயிற்று. கரி எரிப்பதால் காற்று கெடுகின்றது. ஆகவே கரிக்கு வரி போட்டு, அப்பணத்தைக்கொண்டு சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கும் சுத்தமான வழிகளை வளர்ப்பது என்று காரணம் சொல்லப்பட்டது. காரணத்தை நாம் குற்றம் சொல்ல வரவில்லை. வரி 2014-ல் ரூ. 100 ஆயிற்று, 2015-ல் 200, 2016-ல் 400. 2010-11 முதல் 2017-18 வரை வசூலான தொகை சுமார் 86,400 கோடி ரூபாய். அதற்கென்றே ஏற்படுத்திய நிதிக்குப் போய்ச் சேர்ந்தது சுமார் 29,600 கோடி. அதிலும் வேலைகளுக்குக் கொடுக்கப்பட்டது சுமார் 15,900 கோடிதான். பழைய கணக்கில் சொன்னால் ரூபாய்க்கு மூன்றணாகூட இல்லை!

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தவுடன் அந்த மூன்றணாவுக்கும் வழியில்லாமற் போயிற்று. அதே 400 ரூபாய் மாநில சர்க்கார்களின் வருமான நஷ்டத்துக்கு ஈடு கட்டுவதற்கென்று மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் மேல்வரியையே எடுத்துவிட்டு, கரிக்கான ஜி.எஸ்.டி.யை 5 சதவிகிதத்திலிருந்து 18 ஆக்கிவிட்டார்கள். இப்போது பேருக்குக்கூட அதில் சுத்தக் காற்று என்ற சொல் இல்லை.

இது ஏதோ வடநாட்டுச் சங்கதி என்று நம்மவர்கள் இருந்துவிட முடியாது. ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வந்துதான் நம் வீட்டு விளக்கு எரிகின்றது. விளக்கு நமக்கு, குழியும் புழுதியும் அவர்களுக்கு. ஜார்க்கண்டில் ஜாரியா என்ற ஊரில் பூமிக்கடியில் 1916-ல் கண்ட கரி நெருப்பு இன்னமும் அணைந்தபாடில்லை. அந்த மண்ணின்மேல் குடியிருந்துகொண்டு பிள்ளை குட்டிகளை வளர்க்கின்றவர்களுக்கு 86,000 கோடியில் என்ன பாத்தியம் கிடைத்தது என்று கேட்கின்றோம்.

"வெயில் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அதிகம், காற்று உங்கள் முப்பந்தலில் அதிகம், ஆதலால் புது மூலதனமும் அங்கேதான் போகும், இது இயற்கை" என்று படித்தவர்கள் சமாதானம் சொல்லுகின்றார்கள். நல்லது. ஆனால் 1950-களிலிருந்து 1990-களின் தொடக்கம் வரையில் எஃகை ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் ஒரே விலை என்று ரயில் கூலியைச் சமப்படுத்தி வைத்திருந்தார்களே, அன்று இந்த இயற்கை எங்கே போயிருந்தது? இரும்பும் கரியும் கிடைத்த பீகாருக்கும் ஒடிசாவுக்கும் இயற்கை கொடுத்த சலுகையைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது. தொழிற்சாலைகள் கடற்கரைப் பக்கம் வந்தன. அதில் நாமும் லாபமடைந்தவர்களே. அதை மறைப்பது யோக்கியமாகாது. பிடுங்குவதற்கு மட்டும் சட்டம், கொடுக்க வேண்டிய காலத்தில் இயற்கை என்றால் இது எந்த ஊர் நியாயம்?

வெயிலை மாற்றிவைக்க முடியாதென்பது வாஸ்தவம். சூரியப் பலகை செய்யும் தொழிற்சாலையையும், தொழிற்பள்ளிக்கூடத்தையும், மின்கலம் செய்யும் பட்டறையையும் கரி ஜில்லாக்களில் வைப்பதற்கு எந்தச் சூரியன் தடை சொல்லுகின்றான்?

2015-ல் சுரங்க ஜில்லாக்களுக்கென்று ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டிருக்கின்றது என்பதை நாம் மறக்கவில்லை. பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் நூற்றுக்கு 30 பங்கும், ஏலத்தில் எடுத்தவர்கள் 10 பங்கும் அதிகமாகக் கட்டவேண்டும். குடிதண்ணீர், வைத்தியம், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அது உதவும். ஆனால் கரி நின்றால் ராயல்டி நிற்கும். ராயல்டி நின்றால் அந்த நிதியும் நிற்கும். அதாவது, கஷ்டம் ஆரம்பமாகிற அன்றைக்குப் பெட்டி காலி!

ஜெர்மனியில் 2020-ல் இரண்டு சட்டங்கள் செய்தார்கள். ஒன்று, 2038-க்குள் கரி மின்சாரத்தை நிறுத்துவது. மற்றொன்று, அதனால் பிழைப்புக் கெடும் லவுசிட்ஸ் முதலிய பிரதேசங்களுக்கு அதுவரையில் 4,000 கோடி யூரோ வரை கொடுத்துப் புதுத் தொழில்கள் ஏற்படுத்துவது. அங்கேயும் சச்சரவு இல்லாமல் இல்லை. என்றாலும் நிறுத்துகிற தேதியையும் கொடுக்கிற தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்தார்கள்.

இங்கே கரிப்புகையை அடியோடு சரிக்கட்ட 2070 என்று தேதி சொல்லியிருக்கின்றார்கள். 2024-25-ல் வெட்டிய கரியோ 100 கோடி டன்னுக்கு மேல். ஆகவே வெட்டும்போதே சேர்த்துவைக்கக் காலம் இருக்கின்றது. 18 சதவிகித வரியில் ஒரு பங்கைக் கரி ஜில்லாக்களின் பேரால் தனிக்கணக்கில் வைத்து, வேறெதற்கும் தொடக்கூடாதென்று சட்டம் செய்து, வருஷா வருஷம் வரவு செலவை அந்தந்த ஊர்ப் பாஷையில் அச்சடித்துப் பஞ்சாயத்துக் கட்டிடத்தில் ஒட்டவேண்டும் என்பதே நாம் கேட்பது. அடுத்த முறை வோட்டுக் கேட்டு வரும் பார்லிமெண்டு மெம்பரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, அந்த மூன்றணாக் கணக்கை விசாரியுங்கள்.