தண்ணி போகுது காடாம்புலியூர் வழியா... ஆர்டர் போவது யாருக்கு?

பண்ருட்டி:

சென்னைவாசிகள் குடிக்கும் வீராணம் தண்ணீர் காடாம்புலியூரைத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. ஏரித்தண்ணீர் சேத்தியாத்தோப்பில் இருந்து வடக்குத்துக்கு வந்து சுத்திகரிக்கப்படுகிறது. பிறகு 8 கி.மீ. தள்ளி காடாம்புலியூரில் உள்ள தொட்டிக்கு ஏற்றப்படுகிறது. அங்கிருந்து போரூர் வரை சுமார் 200 கி.மீ. மோட்டார் இல்லாமல் தானாகவே ஓடுகிறது. 2004-ல் தொடங்கிய இத்திட்டம் தினமும் 18 கோடி லிட்டர் கொண்டு போகும் அளவுக்கு அமைக்கப்பட்டது.

அந்தத் தண்ணீர் சென்னையில் கழிவுநீராக மாறிய பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய சங்கதி!

சாக்கடை அடைப்பெடுக்கும் வேலையில் கூலிக்கு இருந்த குடும்பங்களைச் சேர்ந்த 213 பேர், 2024 டிசம்பரில் கழிவுநீர் வாகனங்களுக்கு ஓனர் ஆனார்கள். 2023-ல் தமிழக அரசு கொண்டு வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் கடன் கிடைத்தது. இதில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம் (அதிகபட்சம் ரூ.1.5 கோடி), வட்டியில் 6 சதவீத சலுகை உண்டு.

ஆனால் விஷயம் மானியத்தில் இல்லை. அந்த வண்டிகளுக்கு 7 வருஷம் வேலை தருவதாக சென்னை குடிநீர் வாரியமே ஒப்பந்தம் போட்டதே, அதில்தான் இருக்கிறது. கடன் வாங்கி வண்டி எடுத்தவனுக்கு மறுநாள் காலையில் ஓட்டம் வேணுமே! ஓட்டம் இல்லாவிட்டால் மானியத்தோடு வண்டியும் போய்விடும். ஐதராபாத் குடிநீர் வாரியமும் 2017-ல் 70 சிறிய கழிவுநீர் வண்டிகளை தலித் தொழில்முனைவோர் சங்கத்தின் துணையோடு இப்படித்தான் ஓட விட்டது.

சரி, நெய்வேலி பக்கம்? தண்ணி லாரி ஓட்டுபவர், போர்வெல் மோட்டார் காயில் கட்டுபவர், பைப் ஃபிட்டர் எல்லோரும் சொந்தத் தொழில்காரர்கள்தான். அவர்களுக்கு மானியத் திட்டம் உண்டு. 7 வருஷ ஆர்டர் மாதிரி ஒன்று வேண்டும் என்றால் ஊராட்சியும், குடிநீர் வடிகால் வாரியமும், என்.எல்.சி.யும்தான் மனசு வைக்க வேண்டும்.

என்.எல்.சி. மத்திய அரசு நிறுவனம். 2012-ம் ஆண்டு கொள்முதல் கொள்கைப்படி, இப்படிப்பட்ட நிறுவனங்கள் வருடாந்திர கொள்முதலில் 25 சதவீதத்தை குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். அதற்குள் 4 சதவீதம் எஸ்.சி., எஸ்.டி. தொழில்முனைவோருக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. டெண்டர் பாரம் இலவசம். முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டாம்.

இங்கேதான் ஒரு ஓட்டை. இந்தக் கொள்கை பொருள், சேவை இரண்டுக்கும் மட்டும்தான். குழாய் பதிப்பு, தொட்டி கட்டுதல் போன்ற கட்டுமான ஒப்பந்தங்களுக்கு கிடையாது. தண்ணீர் துறையில் பெரிய பணம் புரள்வதே அதில்தான்! மோட்டார் பராமரிப்பு, லாரி சப்ளை, வால்வு ரிப்பேர் எல்லாவற்றையும் பெரிய டெண்டருக்குள் அடைத்துவிட்டால் உள்ளூர் ஆள் சப்-காண்டிராக்டாகவே காலம் தள்ள வேண்டியதுதான். தனித்தனியாகப் பிரித்து விட்டால் அவரும் நேரடியாகப் போட்டியிடலாம்.

இன்னொரு தலைவலி பில் பாக்கி. சரக்கோ சேவையோ ஏற்றுக்கொண்டால் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு என்கிறது 2006-ம் ஆண்டு சட்டம். உத்யம் பதிவு இருந்தால்தான் இதைக் கேட்க முடியும். அந்தப் பதிவுக்கு கட்டணம் கிடையாது. மானியக் கடனுக்கு கடலூர் மாவட்ட தொழில் மையத்தை அணுகலாம்.