முதல் ஏர் பிஸ்டல்... எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச்சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் மக்கர் செய்தது. எலெக்ட்ரானிக் ட்ரிகரில் கோளாறு. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட்டன. மீதி ஷாட்களை அவசரமாகச் சுட்டு 575 புள்ளிகள் எடுத்தார். ஃபைனல் வாய்ப்பு வெறும் 2 புள்ளிகளில் நழுவியது!

அதே மனு 2024 பாரிஸில் 2 வெண்கலம் வென்றார். அதைப் பார்த்துவிட்டு, 'எனக்கும் பிஸ்டல் வாங்கிக் கொடுங்க' என்று உங்கள் வீட்டுச் சுட்டியும் கேட்கிறதா?

முதலில், சினிமா ரிவால்வரை மறந்துவிடுங்கள். புதியவர்கள் தொடங்குவது 4.5 மி.மீ ஏர் பிஸ்டலில்தான். சில மாதங்கள் கிளப் பிஸ்டலிலேயே பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் வாங்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை இவை.

பிடி: இந்தப் போட்டியில் ஒரே கையால்தான் சுட வேண்டும். கண்ணை மூடி, பிஸ்டலோடு கையை உயர்த்தச் சொல்லுங்கள். கண்ணைத் திறந்ததும் முன் சைட், பின் சைட்டின் நடுவில் நேராகத் தெரிந்தால் பிடி பொருந்துகிறது. மரப்பிடியில் ஸ்மால், மீடியம், லார்ஜ் அளவுகள் உண்டு. இடக்கைக்காரர்களுக்குத் தனிப்பிடி.

எடை: விதிப்படி 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. 75 நிமிடங்களில் 60 ஷாட் சுட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி இறக்க வேண்டும். சிறுவர்களுக்கு எடை குறைந்த மாடலே நல்லது.

ட்ரிகர்: அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் விசை தேவைப்பட வேண்டும் என்பது விதி. எலெக்ட்ரானிக் ட்ரிகர் மென்மையானது. ஆனால் பேட்டரி, சர்க்யூட் என்று கூடுதல் கவலை. ஆரம்பத்தில் மெக்கானிக்கலே போதும். பழுதானால் எங்கே சரிசெய்வார்கள், உதிரி பாகம் கிடைக்குமா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

சிலிண்டர்: செகண்ட் ஹேண்ட் என்றால் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். அதன் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டுகள். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், புது சிலிண்டருக்குத் தனியாகச் செலவழிக்க நேரிடும்.

பிராண்டு, கலர் எல்லாம் இதற்குப் பிறகுதான். பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. கைக்குப் பொருந்தாத பிஸ்டல் எவ்வளவு விலை என்றாலும் அந்த வட்டத்தைத் தொடுவது கஷ்டம்.

கடைசியாக ஒன்று: ஏர் பிஸ்டலும் கண்ணைப் பறிக்கும். பயிற்சி முடிந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள்.