குருதி ஏறும்போது யார் கவனிப்பது?

போர்க்காலத்தில் குருதி கிடைக்குமா என்பதே எமது கேள்வி. 2014 முதல் இலங்கைக்குத் தேவையான குருதி முழுவதையும் தன்னார்வக் கொடையாளர்களே வழங்குகின்றனர். இன்றைய கேள்வி, ஏற்றும்போது நேரும் பாதிப்பை யார் கவனித்து அறிக்கையிடுவது என்பதே.

விடுதியில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பயிற்சி வைத்தியரிடமே வருகிறது. முதல் 15 நிமிடங்கள் முக்கியமானவை. நடுக்கம், முதுகுவலி, மூச்சுத்திணறல் தோன்றினால் ஏற்றுவதை உடனே நிறுத்தி, குருதி வங்கிக்கு அறிவிக்க வேண்டும். 'வெறும் காய்ச்சல்' என்று விட்டுவிட்டால் நோயாளிக்கும் ஆபத்து. தவறின் காரணமும் மறைந்துவிடும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வரும் தாய்மாருக்கு இன்னொரு தடை மொழி. "நீங்கள் லெட்சுமியா?" என்று சிங்களத்தில் கேட்டால், விளங்காமலே தலையசைக்கக்கூடும். ஒரே பெயரில் இருவர் இருந்தால் குருதி மாறிவிடும். பெயரை நோயாளியே சொல்லவேண்டும் என்பதே விதி.

பிரித்தானியாவில் 1996 முதல் இயங்கும் கண்காணிப்புத் திட்டம், மனிதத் தவறுகளே பெரும்பான்மை எனக் காட்டியது. அங்கு அறிக்கை தண்டிப்பதற்கல்ல, திருத்துவதற்கே. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. ஆபத்து அறிகுறிகளைத் தமிழில் எழுதிய ஓர் அட்டையைக் கட்டிலருகே வைப்பதும், அறிக்கையிடலைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே கற்பிப்பதும் பெருஞ்செலவான காரியங்கள் அல்ல.