பரீட்சைக்கு மட்டும் பகுத்தறிவா?



ஆவடி, அம்பத்தூர் பக்கங்களில் ரயில்வே உத்தியோகத்துக்கும் பாங்கி உத்தியோகத்துக்கும் பரீட்சை எழுதப் போகும் நமது வாலிபர்கள் இரவு பகலாய் ஒரு வித்தையைப் பழகி வருகிறார்கள். அதற்கு சிலாஜிசம் என்று பெயர். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, அவற்றிலிருந்து எந்த முடிவு வரும், எது வராது என்று கேட்பதாகும். ரயில்வே என்.டி.பி.சி. முதற்கட்டப் பரீட்சையில் 90 நிமிஷத்தில் 100 கேள்விகள். அவற்றில் 30 இப்படிப்பட்ட புத்தி யோசனைக் கேள்விகள். தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க்கும் போய்விடும்.

பழகட்டும், நமக்கு ஆட்சேபனை இல்லை. நம் பிள்ளைகள் உத்தியோகத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த வித்தை பரீட்சை மண்டபத்து வாசற்படியோடு ஏன் நின்று விடுகிறது என்றுதான் கேட்கிறோம்.

“சில பேனாக்கள் புத்தகங்கள், எல்லாப் புத்தகங்களும் மேஜைகள், ஆகவே எல்லாப் பேனாக்களும் மேஜைகள்” என்றால், பையன் உடனே “தப்பு, ‘சில’ என்பதிலிருந்து ‘எல்லாம்’ வராது” என்கிறான். அதே பையன், ஜோசியன் சொன்னதில் ஏதோ இரண்டு பலித்துவிட்டதென்று அவன் சொல்லுவதையெல்லாம் நம்பி ராகுகாலம் பார்த்துப் புறப்படுகிறான்! ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் சாமி காலடியில் வைத்து எடுக்கிறான். (கம்ப்யூட்டரில் விடையைத் தட்டும் பரீட்சைக்குப் பேனாவுக்கு எதற்குப் பூசை என்று அர்ச்சகரும் கேட்பதில்லை, தட்டில் காசு விழுந்தால் போதும்.) “சாமி அருளினால் தேறுவான், தேறினான், ஆகவே சாமி அருளிற்று” என்கிறார்கள். மழை பெய்தால் தெரு நனையும், தெரு நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்பதுபோல் அல்லவா இது? தண்ணீர் லாரி ஒழுகினாலும் தெரு நனையுமே! தோற்றுப் போனாலோ, “கர்ம பலன்” என்பார்கள். தேறினாலும் தோற்றாலும் பொய்யாகாதபடி சொல்லி வைப்பதற்குப் பெயர் பித்தலாட்டமேயாகும்.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லுவானேன்? 2019 அக்டோபர் 8-ந் தேதி பிரான்சு தேசத்தில் ரபேல் விமானத்தை ஒப்புக்கொண்ட ராணுவ மந்திரி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தார். அதைச் செய்து கொடுத்த பிரெஞ்சுக்காரனுடைய விமானங்கள் எந்த எலுமிச்சம்பழத்தினால் பறக்கின்றன?

நிற்க. இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. அந்தக் கேள்விகளின் தலைப்பில், “கொடுக்கப்பட்ட வாக்கியங்கள் உலக அனுபவத்துக்கு மாறாயிருந்தாலும் உண்மையென்றே கொள்க” என்ற கருத்தில் ஒரு நிபந்தனை போட்டிருப்பார்கள். பரீட்சைக்கு அது சரி. முடிவு ஒழுங்காய் வருகிறதா என்பதைத்தான் அங்கு சோதிக்கிறார்கள். ஆனால் புரோகிதனும் ஆயிரக்கணக்கான வருஷங்களாக இதே நிபந்தனையைத்தானே நமக்குப் போட்டு வந்தான்? “பிரம்மாவின் முகத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் உயர்ந்தவர்கள், இன்ன ஜாதியார் முகத்தில் பிறந்தவர்கள், ஆகவே இன்ன ஜாதியார் உயர்ந்தவர்கள்.” சிலாஜிசப்படி இதில் குற்றமே இல்லை! முழு மார்க்கு கொடுக்க வேண்டியதுதான்! “முகத்தில் பிறந்ததை எவன் கண்டான்?” என்று இரண்டாவது வாக்கியத்தின் கழுத்தைப் பிடித்தால்தான் அது விழும்.

ஆவடியில் 1961-ல் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி செய்கிறார்கள். “போல்ட்டு அளவு சரியென்றே கொள்க” என்று எந்தத் தொழிலாளியாவது முடுக்குவானா? அளந்து பார்த்துத்தானே முடுக்குவான்!

நம் நாட்டுப் பழைய தர்க்கிகளுக்கும் இது தெரியும். மணிமேகலை 29-வது காதையில் அறவண அடிகள் அனுமானத்துக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புச் சொல்லுகிறார். (அமுதசுரபிக் கதையை நாம் நம்பச் சொல்லவில்லை.) மலையில் நெருப்பிருக்கிறது, புகையிருப்பதால், என்று சொன்னால் மட்டும் போதாது, அடுக்களையில் கண்டது போல், என்று கண்ட பொருள் ஒன்றைக் காட்ட வேண்டும். அதுதான் திட்டாந்தம். இன்றைய பரீட்சைக் கணக்கில் அந்த அடுக்களை இல்லை. பாடம் சொல்லும் ஆசிரியர்கள் ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் “இதற்கு அடுக்களை எங்கே?” என்று இன்னொரு கேள்வி கேட்டால் என்ன நஷ்டம்?

வீட்டில் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று கலியாணத்தைத் தள்ளிக்கொண்டு போகும் தகப்பன்மாரே! “தோஷமுள்ள பெண்ணெல்லாம் புருஷனை விழுங்குவாள், என் பெண்ணுக்குத் தோஷம்” என்று உங்கள் மகனிடமே எழுதிக் கொடுங்கள். முடிவு சரியாகத்தான் வருகிறது என்பான். பிறகு அந்த முதல் வாக்கியத்தைக் காட்டி, தோஷ ஜாதகத்தோடு கட்டிக்கொண்டு பேரன் பேத்தி எடுத்த தம்பதிகள் நம் தெருவில் ஒரு ஜோடியாவது உண்டா என்று விசாரித்து வரும்படி அவனை அனுப்புங்கள். ஒரு ஜோடி அகப்பட்டாலும் அந்த ‘எல்லாம்’ போயிற்று.