இரு வாசலுக்கு ஒரே மணி

பழைய கம்ப்யூட்டரில், மோடம் தொலைபேசியை அழைத்த மாத்திரத்தில் மௌஸ் அசைவற்று நின்றுவிடுகிறதா? யந்திரம் செத்ததென்று எறிந்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் குடும்பக் கணக்குகளும் கடிதங்களும் கூடவே போய்விடும்.

உறுப்புகள் பிராஸஸரைக் கூப்பிட, 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யில் 8 அழைப்புக் கம்பிகளே இருந்தன. 1984-இல் வந்த ஏ.டி. யந்திரத்தில் 15 ஆயின. முதல் ஸீரியல் வாயிலுக்கும் மூன்றாவதற்கும் வழக்கமாக 4-ஆம் கம்பியே பொது. ஒன்றில் மௌஸும் மற்றதில் மோடமும் இருந்தால், இரு வாசலுக்கும் ஒரே மணியைக் கட்டியது போலாகும். வீட்டுக்காரர் எந்தக் கதவைத் திறப்பார்?

மின்சாரத்தை நிறுத்தி, மோடம் அட்டையின் ஜம்பரைக் காலியான வேறு எண்ணுக்கு மாற்றுங்கள். புரோகிராமுக்கும் அவ்வெண்ணைத் தெரிவியுங்கள். சப்த அட்டை பெரும்பாலும் 5-ஐப் பிடித்திருக்கும். அதைக் கவனிக்க வேண்டும்.

மோதுவது எதுவென்று விளங்காவிடில், அவசியமற்ற அட்டைகளையெல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்துங்கள். எதைச் செருகியதும் தொல்லை மீள்கிறதோ, அதுவே வழக்கில் ஒரு கட்சி. பழுது பொருளிலன்று, பங்கீட்டில்தான்.